புதிய பற்றரிக்குப் புதிய பழக்கம்
கோல்ஃப் வண்டியின் லித்தியம் பற்றரியைச் சார்ஜ் செய்வதும் பேணுவதும்

கோல்ஃப் திடல்களிலும் பெரிய ஹோட்டல்களிலும் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு சத்தமில்லாமல் ஓடும் சிறிய மின்சார வண்டியைப் பலர் பார்த்திருப்போம். சிலர் இதை 'கோல்ஃப் காட்' என்பார்கள், சிலர் 'பகி' என்பார்கள். நுவரெலியா நகரின் நடுவிலேயே 1889ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கோல்ஃப் திடல் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று ஹோட்டல் வேலைக்கும் சாரதி வேலைக்கும் போகிறார்கள். வண்டியை ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் இருப்பார். அதன் பற்றரியை எப்படிக் கவனிப்பது என்று பொறுமையாகச் சொல்லித்தர ஆள் கிடைப்பது அரிது. பற்றரி கெட்டுப்போனால் மட்டும், "யார் சார்ஜ் போட்டது?" என்ற கேள்வி முதலில் வரும். ஆகவே இந்த இதழில் அந்தப் பாடத்தைப் படிப்போம். வண்டி ஓட்டாதவர்களும் படிக்க வேண்டும். நம் வீட்டிலுள்ள கைத்தொலைபேசிக்குள்ளும் சார்ஜ் டோர்ச்சுக்குள்ளும் இருப்பது பெரும்பாலும் இதே இனத்துப் பற்றரிதான்.

பழைய பற்றரி சொல்லிக்கொடுத்த பாடம்

தோட்டங்களுக்கு மின்சாரம் வராத காலத்தில் கார் பற்றரியைத் தோளில் சுமந்து டவுனுக்குக் கொண்டுபோய், சார்ஜ் போட்டு எடுத்துவந்து, லயத்தில் நாலைந்து வீட்டார் ஒன்றாகக் கூடித் தொலைக்காட்சி பார்த்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது ஈயப் பற்றரி. பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே 1859இல் கண்டுபிடித்தது. ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும்தான் அதன் உள்ளடக்கம்.

அந்தப் பற்றரி நமக்குச் சில பழக்கங்களைக் கற்றுத்தந்தது. வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும். பாவித்தவுடன் முழுக்கச் சார்ஜ் ஏற்ற வேண்டும். குறையாகக் கிடந்தால் தகட்டில் வெள்ளை படிந்து செத்துப்போகும். "ராத்திரி முழுக்கப் போட்டு வச்சாத்தான் நல்லா ஏறும்" என்று சொல்வார்கள். ஈயப் பற்றரிக்கு இவை பெரும்பாலும் சரியான பழக்கங்களே. கோல்ஃப் வண்டிகளும் பல்லாண்டு காலம் ஈயப் பற்றரியில்தான் ஓடின. இன்றும் பல ஓடுகின்றன.

லித்தியம் பற்றரி வேறு சாதி. 1991இல் ஜப்பானின் சோனி நிறுவனம் அதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடிப்படை போட்ட ஜோன் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய பற்றரிக்குப் பழகிய கையோடு இந்தப் புதிய பற்றரியைக் கையாண்டால் அது சீக்கிரம் கெடும். சில வேளை ஆபத்தும் வரும். இதுவே இன்றைய பாடத்தின் சாரம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கோல்ஃப் வண்டியில் பெரும்பாலும் பொருத்தப்படுவது 'லித்தியம் இரும்புப் பொஸ்பேட்டு' வகை. இந்த வகையைப் பற்றி 1997இல் குட்இனஃப் குழுவினர் எழுதினார்கள். மற்ற லித்தியம் வகைகளைவிட இது சூட்டைத் தாங்கக்கூடியது, நீண்ட காலம் உழைக்கக்கூடியது. தீப்பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறோம், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை.

இதன் ஒவ்வொரு கலமும் 3.2 வோல்ட் தரும். 16 கலங்களை வரிசையாக இணைத்தால் 51.2 வோல்ட். இதைத்தான் கடையில் '48 வோல்ட் பற்றரி' என்கிறார்கள். ஒரு கலம் முழுதாக நிறையும்போது 3.65 வோல்ட்டில் நிற்கும். ஆகவே 16 கலப் பெட்டிக்குச் சார்ஜர் 58.4 வோல்ட் வரை ஏற்றும். ஒரு கலம் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

ஈயப் பற்றரி பூட்டிய 48 வோல்ட் வண்டியில் 8 வோல்ட் பற்றரிகள் ஆறு இருக்கும். ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 170 கிலோ. அதே வேலையைச் செய்யும் லித்தியம் பெட்டி 50 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். ஈயத்தில் பாதியளவு பாவித்தவுடன் சார்ஜ் போடுவது நல்லது. லித்தியத்தில் 80 வீதம் வரை தாராளமாகப் பாவிக்கலாம். ஈயம் சில நூறு முதல் ஆயிரம் தடவை வரை சார்ஜ் தாங்கும். நல்ல லித்தியம் பெட்டி இரண்டாயிரம் தடவைக்கு மேலும் தாங்கும். விலை அதிகம் என்பதால்தான் பேணுதல் முக்கியமாகிறது.

பெட்டிக்குள் ஒரு காவற்காரனும் உண்டு. 'பி.எம்.எஸ்.' என்று சொல்லப்படும் மின்பலகை அது. ஒவ்வொரு கலத்தின் வோல்ட்டையும் பெட்டியின் சூட்டையும் பார்த்துக்கொண்டே இருக்கும். அளவு மீறினால் மின்சாரத்தை வெட்டிவிடும். வண்டி திடீரென்று நின்றால் காவற்காரன் வேலை செய்திருக்கலாம். "இது சும்மா தொந்தரவு பண்ணுது" என்று அதைத் தாண்டி நேர்க் கம்பி இழுப்பது பெரிய குற்றம். கதவுக் காவலை அடித்து விரட்டிவிட்டுத் தூங்குவது போன்றது அது.

சார்ஜ் போடும் முறை

முதலாவது, சரியான சார்ஜர். ஈயப் பற்றரியின் சார்ஜரை லித்தியத்தில் மாட்டக் கூடாது. ஈயச் சார்ஜர்கள் சில, கலங்களைச் சமப்படுத்தவென்று இடையிடையே வோல்ட்டை உயர்த்தும். அது லித்தியத்துக்கு விஷம். பெட்டியில் ஒட்டியுள்ள சீட்டையும் சார்ஜரில் ஒட்டியுள்ள சீட்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பற்றரி வகையும் வோல்ட்டும் ஒத்துப்போக வேண்டும். பிளக் பொருந்துகிறது என்பது மட்டும் போதாது.

இரண்டாவது, சரியான மின்செருகி. இங்கே ஒரு கணக்குப் போடுவோம். சார்ஜர் 20 அம்பியர் வேகத்தில் 58 வோல்ட்டில் ஏற்றினால் 20 × 58 = 1,160 வாட். சார்ஜரில் சூடாக வீணாவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,300 வாட். நமது மின்சாரம் 230 வோல்ட். 1,300ஐ 230ஆல் வகுத்தால் 5.6 அம்பியருக்கு மேல். அப்படியானால் 5 அம்பியர் சிறிய செருகி இதற்குப் போதாது. மெல்லிய நீட்டு வயரும் போதாது. அது சூடேறி, உறை உருகித் தீப்பிடிக்கும். 13 அல்லது 15 அம்பியர் செருகியில், புவிக்கம்பி உள்ள இணைப்பில் மட்டும் மாட்ட வேண்டும்.

மூன்றாவது, சரியான நேரம். பெட்டி 100 அம்பியர் மணி என்றால், 20 அம்பியர் சார்ஜருக்கு வெறுமையிலிருந்து நிறைய ஏறக்குறைய 5 மணித்தியாலம். பாதி பாவித்திருந்தால் இரண்டரை மணித்தியாலம். 51.2 × 100 = 5,120 வாட் மணி, அதாவது 5 யுனிட்டுக்குச் சற்று மேல். வீணாவதையும் சேர்த்தால் 6 யுனிட் அளவில் முடியும். மாலை வேலை முடிந்து மாட்டினால் படுக்கைக்குப் போகுமுன் நிறைந்துவிடும். ஆள் விழித்திருக்கும் நேரத்திலேயே சார்ஜை முடித்துவிடுவது நல்லது.

நான்காவது, சரியான வேகம். கொழுந்துச் சாக்கை அமுக்கி அமுக்கி நிரப்பினால் என்ன ஆகும்? உள்ளே சூடேறிக் கொழுந்து சிவந்துவிடும். பற்றரியும் அப்படித்தான். நேரத்தை மிச்சம் பிடிக்கப் பெரிய சார்ஜரால் அவசரமாக ஏற்றினால் உள்ளே சூடேறி ஆயுள் குறையும். 100 அம்பியர் மணிப் பெட்டிக்கு 20 முதல் 50 அம்பியருக்குள் போதுமானது. தயாரித்தவர்கள் கொடுத்த புத்தகத்தில் உச்ச அளவு போட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது.

ஐந்தாவது, சரியான ஒழுங்கு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சாவியை அணைத்து, கைத்தடுப்பைப் போட வேண்டும். மாட்டும்போது முதலில் வண்டிப் பக்கம், பிறகு சுவர்ப் பக்கம். கழற்றும்போது முதலில் சுவர்ச் சுவிட்சை அணைக்க வேண்டும். வண்டியில் எந்தப் பழுது பார்க்கும்போதும் வேலைச் சுவிட்சை இழுவை நிலைக்கு மாற்றி, பற்றரி இணைப்பையும் துண்டித்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

எவ்வளவு ஏற்ற வேண்டும், எவ்வளவு இறக்கலாம்?

"முழுக்க இறங்கின பிறகுதான் சார்ஜ் போடணும்" என்று சிலர் சொல்வார்கள். அது பழைய நிக்கல் கட்மியம் பற்றரிக்குச் சொன்ன பேச்சு. லித்தியத்துக்கு அந்தக் குணம் இல்லை. பாதியில் போடலாம், கால்வாசி ஏற்றிவிட்டுக் கழற்றலாம். அதற்கு நடுநிலைதான் சுகம். 20 வீதத்துக்குக் கீழே இறங்கவிடாமல் பழகுவது நல்லது.

மறுநாள் ஓடப்போகும் வண்டியை முழுக்க நிரப்புவதில் தவறில்லை. இரும்புப் பொஸ்பேட்டு வகைக்கு இடைக்கிடை முழுச் சார்ஜ் தேவையும்கூட. அப்போதுதான் காவற்பலகை கலங்களைச் சமப்படுத்தும், அளவுகாட்டியும் சரியாகக் காட்டும். நிரம்பிய பெட்டியை வாரக்கணக்கில் சும்மா வைப்பதுதான் தவறு.

மழைக் காலத்தில் விருந்தாளிகள் வரவு குறைந்து வண்டி பல வாரம் நிற்குமானால், பாதியளவு சார்ஜில் வைத்துப் பிரதான சுவிட்சை அணையுங்கள். மாதம் ஒரு முறை அளவைப் பாருங்கள். வெறுமையான பெட்டியை அப்படியே போட்டுவிட்டால் காவற்பலகையே சிறுகச் சிறுக மிச்சத்தையும் குடித்துவிடும். பிறகு சார்ஜர் மாட்டினாலும் ஏறாது. இப்படி ஆழமாக இறங்கிய பெட்டியைப் பட்டறை ஆளிடம் காட்ட வேண்டும். வேறு பற்றரியோடு கம்பி கட்டி 'எழுப்பிப் பார்ப்பது' ஆபத்தான விளையாட்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஈயப் பற்றரி களைக்கும்போது வண்டி மெல்ல மெல்லத் தளரும், சாரதிக்கு விளங்கும். லித்தியம் கடைசி வரை ஒரே வேகத்தில் இழுத்துவிட்டுத் திடீரென்று நின்றுவிடும். ஆகவே வண்டியின் ஓட்டத்தை நம்பாமல் அளவுகாட்டியைப் பார்த்தே புறப்பட வேண்டும்.

மலைநாட்டுக்கென்று மூன்று எச்சரிக்கை

குளிர்: நுவரெலியாப் பக்கத்தில் சனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் சில நாட்களில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து, கொழுந்தைக் கருக்கிவிடுவதை நாம் அறிவோம். சூடு பூச்சியம் பாகைக்குக் கீழே இறங்கியிருக்கும்போது லித்தியம் பற்றரிக்குச் சார்ஜ் போடவே கூடாது. அந்தக் குளிரில் லித்தியம் உள்ளே போய் ஒழுங்காக அமராமல் உலோகப் படலமாகப் படிந்துவிடும். அந்தப் படிவு திரும்பக் கரையாது. நாளடைவில் உள்ளுக்குள்ளேயே குறுக்கு இணைப்பு உண்டாக்கும். உறைபனி விழுந்த காலையில் வெயில் ஏறும் வரை பொறுங்கள். முதல் நாள் மாலையே, ஓடி வந்த சூடு ஆறுமுன் சார்ஜ் போட்டுவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. சூட்டிலும் எல்லை உண்டு. 45 பாகைக்கு மேல் போடக் கூடாது. ஏற்றம் ஏறி வந்த வண்டியைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் சற்று ஆறவிட்டுப் போடுங்கள்.

இறக்கம்: புதிய வண்டிகள் பலவற்றில் இறக்கத்தில் போகும்போது மோட்டரே மின்சாரம் பிறப்பித்துப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பும். அதுதான் வண்டியைப் பிடித்து நிறுத்தவும் உதவுகிறது. பற்றரி முழுக்க நிரம்பியிருந்தால் அந்த மின்சாரத்துக்கு இடமில்லை. காவற்பலகை வெட்டிவிட்டால் அந்தப் பிடிப்பும் போய்விடும், வண்டி வேகமெடுக்கும். மலை உச்சியில் ஹோட்டல், கீழே பாதை என்றுள்ள இடத்தில் இது உயிர்ப் பிரச்சினை. அப்படிப்பட்ட இடத்தில் உச்சியில் வைத்து 100 வீதம் நிரப்பாமல் 80 அல்லது 90இல் நிறுத்திப் புறப்படுங்கள். கால் பிரேக்கைத் தினமும் காலையில் பரிசோதியுங்கள்.

மழை: வண்டியைக் கழுவும்போது பற்றரிப் பக்கமும் செருகிப் பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். லித்தியம் பெட்டிக்குள் ஊற்ற வேண்டிய தண்ணீர் எதுவும் கிடையாது. "தண்ணி ஊத்தணுமா?" என்று கேட்டு யாரும் மூடியைத் திறக்க வேண்டாம். கம்பி முனைகள் இறுக்கமாக உள்ளனவா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். தளர்ந்த முனை சூடேறும்.

பதிவுப் புத்தகம் உங்கள் சாட்சி

கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்த்து, நம் கிலோவை நாமே மனதில் குறித்துக்கொள்கிறோம். அதே போலச் சார்ஜ் போடும் பிள்ளை ஒரு கொப்பியில் குறித்து வைக்கட்டும். திகதி, மாட்டிய நேரம், அப்போது எத்தனை வீதம், கழற்றிய நேரம், அப்போது எத்தனை வீதம், ஏதேனும் மாற்றம், கையொப்பம். ஒரு நாளைக்கு ஒரு வரி. வழக்கமாக 60 வீதத்தில் திரும்பும் வண்டி 40இல் திரும்பத் தொடங்கினால் கொப்பியே காட்டிக்கொடுக்கும், உடனே மேலாளருக்கு அறிவிக்கலாம். பற்றரி கெட்டுப்போகும் நாளில், "நான் ஒழுங்காகத்தான் செய்தேன்" என்ற வாய்ச் சொல்லைவிட அந்தக் கொப்பிக்குப் பலம் அதிகம்.

லயத்தில் உள்ளோர் கவனத்திற்கு

கழித்துவிட்ட வண்டிப் பற்றரியை, "வீட்டுக்கு லைட் போடலாம்" என்று காம்பிராவுக்குக் கொண்டுவரும் எண்ணம் சிலருக்கு வரலாம். தயவுசெய்து வேண்டாம். கழித்த பெட்டிக்குள் எந்தக் கலம் பழுது என்று வெளியிலிருந்து தெரியாது. லயத்தில் நமக்கு ஒரே கூரை, ஒரே சுவர். ஒரு காம்பிராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் தின்றுவிடும். பெட்டியை உடைத்துக் கலங்களைப் பிரிப்பதும், குப்பையில் எறிவதும், அடுப்பில் போடுவதும் கூடாது. பழைய பெட்டியை விற்பனையாளரிடமோ மின்கழிவு சேகரிப்பவரிடமோ திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வீட்டிலுள்ள சின்னப் பற்றரிகளுக்கும் இதே சட்டம். தொலைபேசியைத் தலையணைக்குக் கீழோ கம்பளிக்குள்ளோ வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். முதுகு வீங்கிய தொலைபேசியைப் பாவிக்காதீர்கள், அமுக்கியும் பார்க்காதீர்கள். உறை கிழிந்த வயரை டேப் ஒட்டிப் பாவிக்காதீர்கள். சார்ஜ் ஏறும் சாமானைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

பெட்டி வீங்கினால், உஸ் என்று சத்தம் வந்தால், வழக்கமில்லாத இரசாயன நெடி அடித்தால், புகை தெரிந்தால், உடனே பிரதான சுவிட்சை அணைத்து எல்லோரும் வெளியேற வேண்டும். அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது, அதில் நச்சு உண்டு. தீயணைப்புக்கு 110, அம்புலன்சுக்கு 1990. மின்சாரம் துண்டிக்கப்பட்டது நிச்சயமானால் மட்டும், தூர நின்று நிறையத் தண்ணீர் அடித்துச் சூட்டைத் தணிக்கலாம். அணைந்த பற்றரி மணித்தியாலங்கள் கழித்தும் மறுபடி பற்றக்கூடும். அதை வீட்டுக்குள் எடுக்க வேண்டாம். தீப்புண் பட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசையும் எண்ணெயும் தடவாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

படித்ததைச் சரிபார்ப்போம்

பிள்ளைகள் பெரியவர்களிடமும், பெரியவர்கள் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள்.

1. ஈயப் பற்றரியின் சார்ஜரை லித்தியத்துக்குப் பாவிக்கலாமா? கூடாது. வகையும் வோல்ட்டும் சீட்டில் ஒத்திருக்க வேண்டும்.

2. உறைபனி விழுந்த காலையில் ஏன் பொறுக்க வேண்டும்? பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் போட்டால் உள்ளே உலோகம் படிந்து பற்றரி நிரந்தரமாகக் கெடும்.

3. பல வாரம் நிற்கும் வண்டியில் எவ்வளவு சார்ஜ் இருக்க வேண்டும்? பாதியளவு. பிரதான சுவிட்சும் அணைந்திருக்க வேண்டும்.

4. 1,300 வாட் சார்ஜரை 5 அம்பியர் செருகியில் மாட்டலாமா? 1,300ஐ 230ஆல் வகுத்துப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

5. மலை உச்சியிலிருந்து இறங்கும் வண்டியை ஏன் முழுக்க நிரப்பக் கூடாது? இதற்கு விடையை வண்டி ஓட்டும் உங்கள் வீட்டுப் பிள்ளை சொல்லட்டும். சொல்லத் தெரியாவிட்டால் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்து, நாளை வேலைக்குப் போகுமுன் வாசிக்கச் சொல்லுங்கள்.